பருந்தின் ரத்த ஸ்லைடு: எல்லாச் சிவப்பணுவிலும் உட்கரு, அதைச் சுற்றி ஏதோ சுருண்டு கிடக்கிறது. என்ன இது?

திருநகர்_லேப் (ஞாயிறு, காலை 7:10)

வணக்கம். மதுரை திருநகரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 14 வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். இதுவரை பார்த்ததெல்லாம் மனுஷ ரத்தம்தான். நேற்று சாயங்காலம் என் தங்கச்சி மகன் ஒரு கரும்பருந்தை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான், எங்கள் பக்கம் பிராந்து என்று சொல்வோமே, அதுதான். மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே விழுந்து கிடந்ததாம். வனத்துறைக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது, ஆள் வருவதற்குள் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, இறக்கையில் இருக்கும் ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, "உங்கள் லேபிலேயே ஒரு ஸ்மியர் போட்டுப் பாருங்கள்" என்று கொடுத்தார்.

பழக்கத்தில் ஈடிடிஏ டியூபை (ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாய்) அப்படியே கவுண்டர் மெஷினில் வைத்துவிட்டேன். வெள்ளையணு எண்ணிக்கை அளவுக்கு மேலே போய் மெஷின் நம்பரே காட்டவில்லை. பிளேட்லெட் கிட்டத்தட்ட இல்லை என்றது. மனுஷனுக்கு இப்படி வந்தால் ராத்திரியே டாக்டரை எழுப்பிச் சொல்ல வேண்டிய ரிப்போர்ட்.

சரி என்று லீஷ்மேன் சாயம் போட்டு ஆயில் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். சிவப்பணு எல்லாமே முட்டை வடிவம், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு உட்கரு. பறவைக்கு அப்படித்தான் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இருந்தாலும் நேரில் பார்க்கும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது. வெள்ளையணு 100 எண்ணியதில் 68 செங்கல் நிறத் துகள்களோடு இருந்தது, ஈசினோஃபில் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் சின்னச் சின்ன உருண்டைச் செல்கள் நாலைந்து சேர்ந்து கொத்தாகக் கிடக்கின்றன, லிம்போசைட்டா என்று தெரியவில்லை.

முக்கியமான விஷயம் இதுதான். சில சிவப்பணுக்களுக்குள் உட்கருவின் ஒரு பக்கத்தை அணைத்தபடி வாழைப்பழம் மாதிரி வளைந்து நீல நிறத்தில் ஒன்று இருக்கிறது. அதற்குள் பழுப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஃபால்சிபேரம் மலேரியாவின் பிறை வடிவத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தச் சாயல் நன்றாகத் தெரிகிறது. சாயப் படிவு இல்லை, ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன், செல்லின் மட்டத்திலேயேதான் இருக்கிறது.

பருந்துக்கு மலேரியா வருமா? அதனால்தான் விழுந்ததா? மாத்திரை ஏதாவது கொடுத்தால் பிழைக்குமா? இன்னொன்று, ரத்தம் எடுக்கும்போது பையன் கையில் நகக்கீறல் பட்டிருக்கிறது, இது மனுஷருக்குத் தொற்றுமா என்று தங்கச்சி காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள்.

---

கால்நடை_மேலூர் (ஞாயிறு, காலை 8:35)

அண்ணே, முதலில் தங்கச்சிக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அந்த ஒட்டுண்ணி மனுஷருக்கு வராது. நகக்கீறலை சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்க்கச் சொல்லுங்கள், பருந்தின் நகத்தில் அழுகின கறியும் மீனும் ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இப்போது மெஷின். அந்த மெஷின் சிவப்பணுவை மருந்து விட்டு உடைத்துவிட்டு மிச்சம் இருக்கும் உட்கருவை வெள்ளையணு என்று எண்ணுகிறது. மனுஷச் சிவப்பணுவில் உட்கரு இல்லை, அதனால் கணக்கு சரியாக வரும். பறவையில் உடைந்த ஒவ்வொரு சிவப்பணுவும் ஒரு உட்கருவை விட்டுவிட்டுப் போகும், லட்சக்கணக்கில். மெஷின் அத்தனையையும் வெள்ளையணு கணக்கில் சேர்த்துவிட்டது. பிளேட்லெட்டும் அப்படித்தான், பறவைக்கு நம்மைப்போல் துண்டுத் துணுக்கான தட்டணு கிடையாது. அதற்குப் பதிலாக உட்கரு உள்ள முழுச் செல் ஒன்று இருக்கிறது, த்ராம்போசைட் என்பார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கொத்து அதுதான். லிம்போசைட்டோடு குழம்புவது எல்லோருக்கும் நடக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்: உட்கரு அடர்த்தியாக, சுற்றியுள்ள இடம் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல், ஓரத்தில் சில சமயம் ஒன்றிரண்டு சிவப்புப் புள்ளியோடு இருந்தால் த்ராம்போசைட். சுற்றியுள்ள மெல்லிய விளிம்பு வெளிர்நீலமாக இருந்தால் லிம்போசைட். கொத்தாகக் கிடந்தால் கிட்டத்தட்ட நிச்சயம் த்ராம்போசைட்தான்.

அந்த 68 ஈசினோஃபிலை அடித்துவிடுங்கள். அது ஹெட்டிரோஃபில், மனுஷரின் நியூட்ரோஃபில் செய்கிற வேலையைப் பறவையில் இதுதான் செய்கிறது. துகள்களைத் திரும்பப் பாருங்கள், நெல்மணி மாதிரி நீளமாக, நுனி கூர்ந்து இருக்கும். நிஜ ஈசினோஃபிலில் துகள் உருண்டையாக இருக்கும், பின்புலம் வெளிர்நீலமாகத் தெரியும். வேட்டைப்பறவைகளில் நிஜ ஈசினோஃபிலும் ஓரளவு இருக்கத்தான் செய்யும், அதனால் இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

எண்ணிக்கைக்கு நாட்-ஹெரிக் கரைசல் இருந்தால் நல்லது, 1952இல் கோழி ரத்தத்துக்கென்றே உண்டாக்கியது, 1:200 கரைத்து நியூபௌர் சேம்பரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) கையால் எண்ண வேண்டும். உங்களிடம் இருக்காது. பரவாயில்லை, ஸ்லைடிலேயே தோராயமாகச் செய்யலாம். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரவியிருக்கும் பகுதியில் 40 லென்ஸில் 10 இடம் பாருங்கள், ஓர் இடத்துக்குச் சராசரி எத்தனை வெள்ளையணு என்று எடுத்து 1600ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோ லிட்டருக்கான கணக்கு வரும். ரத்தச்சோகை இருந்தால் இந்தக் கணக்கு கூட்டிக் காட்டும், அதனால் பிசிவியும் (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு) கட்டாயம் போடுங்கள். கேப்பில்லரி குழாய் இருக்கும்தானே? பெரும்பாலான பறவைகளுக்கு 35இலிருந்து 55 வரை இயல்பு.

இன்னொரு விஷயம். டியூபில் ரொம்ப நேரம் வைத்த ரத்தத்தில் ஸ்லைடு போடாதீர்கள். பறவையின் செல் மனுஷச் செல்லைவிடச் சீக்கிரம் நசுங்கும், நீங்கள் வேகமாக இழுத்தால் உட்கரு சிதறி ஊதா நிறத்தில் மேகம் மாதிரி பரவிக் கிடக்கும். ஊசியிலிருந்து நேராக ஒரு துளி, மெதுவான இழுப்பு, விசிறி போட்டு உடனே காயவைத்தல், இவ்வளவுதான். டாக்டரிடம் அடுத்த தடவை இப்படி எடுத்துத் தரச் சொல்லுங்கள். நோயில் இருக்கும் பறவைக்கு உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது, 600 கிராம் பருந்து என்றால் அதிகபட்சம் 3 மில்லி, ஆனால் ஸ்லைடுக்கும் பிசிவிக்கும் அரை மில்லிகூட வேண்டாம்.

ஒட்டுண்ணியைப் பற்றி நான் ஒரு பெயர் நினைத்து வைத்திருக்கிறேன், ஆனால் இங்கே இதைவிட நன்றாகச் சொல்ல வாத்தியார் ஐயா இருக்கிறார், அவர் வரட்டும். டிரான்ஸ்ஃபார்மர் என்று சொன்னீர்களே, அதை மறந்துவிட வேண்டாம்.

---

அழகர்மலை_வாத்தியார் (ஞாயிறு, காலை 11:20)

தம்பி, நீங்கள் வர்ணித்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. உட்கருவை அணைத்தபடி வளைந்திருக்கிறது, பழுப்பு நிறப் பொடி உள்ளே இருக்கிறது. ஹீமோபுரோட்டியஸ் என்கிற ஒட்டுண்ணியின் முகம் அது. அந்தக் காலத்தில் இதை ஹால்டெரீடியம் என்று எழுதுவார்கள், கையில் தூக்கும் டம்பெல் மாதிரி உட்கருவின் இரண்டு பக்கமும் தடித்து நடுவில் ஒடுங்கியிருப்பதால் வந்த பெயர். மலேரியாவின் நெருங்கிய உறவு, அதனால்தான் உங்களுக்குப் பிறை ஞாபகம் வந்திருக்கிறது. அந்தப் பொடி ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு மிச்சம் வைத்த கழிவு, இரண்டுக்கும் பொது.

ஆனால் பருந்துக்கு மலேரியா இல்லை என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, பறவைகளுக்கு மலேரியாவை உண்டாக்கும் நிஜமான பிளாஸ்மோடியமும் உண்டு, அதன் சில இனங்களின் பிறையும் நீளமாகத்தான் இருக்கும். பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: ஒரு செல்லுக்குள் ஒட்டுண்ணி பலவாகப் பிளந்து பூ மாதிரி அடுக்கி இருப்பதை எங்கேயாவது பார்த்தீர்களா? ஹீமோபுரோட்டியஸ் பெருகுவதெல்லாம் நுரையீரல், கல்லீரல் மாதிரி உறுப்புகளுக்குள், ஓடுகிற ரத்தத்துக்கு ஆண் பெண் வடிவங்கள் மட்டும்தான் வரும். பிளாஸ்மோடியம் ரத்தச் செல்லுக்குள்ளேயே பிளந்து பெருகும். அதனால் முழு ஸ்லைடையும் அவசரப்படாமல் தேடுங்கள். ஒரு பூ கிடைத்தால்கூட விஷயம் மாறிவிடும். ஒரே பறவையில் இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

பிறைகளை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில நல்ல நீலமாக, உள்ளே அதன் சொந்த உட்கரு சின்னதாக இறுக்கமாக இருக்கும், அவை பெண். சில வெளிறி, நடுவில் இளஞ்சிவப்பு பரவலாகப் படர்ந்திருக்கும், அவை ஆண். உங்கள் டியூபில் ரத்தம் ஆறிப்போய் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் இன்னொரு காட்சியும் கிடைத்திருக்கலாம், பிறைகள் உருண்டு செல்லைவிட்டு வெளியே வந்து கிடக்கும், ஆண் வடிவத்திலிருந்து நூல்நூலாக வெளியே நீளும். பருந்தின் உடல் சூடு 40 டிகிரிக்கு மேல், வெளிக்காற்றில் ஆறியதும் பூச்சியின் வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என்று ஒட்டுண்ணி எடுத்துக்கொள்கிறது. 1897இல் மெக்காலம் என்கிற மருத்துவ மாணவர் காக்கை ரத்தத்தில் அந்த நூல் ஒன்று போய்ப் பெண் வடிவத்துக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்து, இது கருவுறுதல் என்று சொன்னார். அதுவரை அந்த நூலை ஒட்டுண்ணி சாகும்போது நடக்கும் சிதைவு என்று நினைத்தவர்கள் பலர். மனுஷ மலேரியாவின் வாழ்க்கைக்கதையில் ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தது காக்கையின் ரத்தம்.

அடுத்த முடிச்சும் பறவையால்தான். ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார், அதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முழுச் சுற்றையும் அவர் முடித்தது 1898இல் கல்கத்தாவில், மனுஷரை வைத்து அல்ல, சிட்டுக்குருவிகளை வைத்து. நோயுள்ள குருவியைக் கடித்த கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை ஒட்டுண்ணியைத் தொடர்ந்து போய், அந்தக் கொசுவை நல்ல குருவியைக் கடிக்க வைத்து நோய் வந்ததைக் காட்டினார். 1902இல் நோபல் பரிசு. 31 வருஷம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை "அந்தக் குருவி என்ன ஆச்சு சார்" என்று கேட்கும்.

யார் பரப்புவது என்பதும் முக்கியம். பறவை மலேரியாவுக்குக் கொசு, நம் சாக்கடையில் பெருகுகிற கியூலெக்ஸ் வகைதான் பெரும்பாலும். ஹீமோபுரோட்டியஸுக்குக் கொசு இல்லை. இறகுக்குள் ஓடுகிற தட்டையான ஈ ஒரு வகை, இன்னொன்று கியூலிகாய்ட்ஸ் என்கிற கண்ணுக்குப் புள்ளியளவே தெரியும் கடிபூச்சி. மேலூர் டாக்டருக்கு அது நன்றாகத் தெரியும், மழைக்காலம் முடிகிறபோது ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் கொண்டுவருவதும் அந்தக் கூட்டம்தான்.

மூன்றாவது ஒன்றையும் தேடிவிடுங்கள், லூகோசைட்டோஸூன். அதில் பழுப்புப் பொடி இருக்காது. அது புகுந்த செல் தன் வடிவத்தையே இழந்துவிடும், சில சமயம் இரண்டு முனையும் வால்போல் இழுபட்டு நெசவுத் தறியின் நாடா மாதிரி இருக்கும், உட்கரு ஓரத்தில் பட்டையாக நசுங்கிக் கிடக்கும். பருந்து, வல்லூறு வகைகளில் இருப்பதை டாடி என்றும், ஆந்தைகளில் இருப்பதை ஜீமான்னி என்றும் இனப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் பரப்பும் கறுப்பு ஈயின் புழு ஓடுகிற தண்ணீரில் பாறையில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். அழகர்மலையில் சிலம்பாறு ஓடுகிற பக்கமோ வருசநாட்டு ஓடைகளிலோ அது சாத்தியம், மதுரைக்குள் வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் வைகையில் கஷ்டம். ஆனால் பருந்து எங்கே பிறந்து எங்கே இரை தேடியது என்று யாருக்குத் தெரியும், அதனால் தேடாமல் விடாதீர்கள்.

---

செல்லூர்_புறா (ஞாயிறு, மதியம் 1:05)

ஐயா சொன்ன அந்தத் தட்டை ஈ எங்கள் புறாக்கூண்டில் உண்டு. பிடிக்கப் போனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி இறகுக்குள் மறைந்துவிடும், விரலால் நசுக்கினாலும் சாகாது, நகத்தில் வைத்து அழுத்த வேண்டும். எங்கள் மொட்டைமாடிக்கு மேலே தினமும் பிராந்து வட்டம் போடும். அதனிடமிருந்து என் புறாவுக்கோ, புறாவிடமிருந்து அதற்கோ இது போகுமா?

---

அழகர்மலை_வாத்தியார் (ஞாயிறு, மதியம் 2:40)

புறாவின் ஹீமோபுரோட்டியஸ் கொலம்பே என்கிற தனி இனம், அதை உங்கள் கூண்டு ஈ பரப்புகிறது என்று 1906இலேயே அல்ஜீரியாவில் செர்ஷான் சகோதரர்கள் காட்டிவிட்டார்கள். இந்த ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் தங்கள் பறவைக் குடும்பத்தை விட்டு வெளியே போகாது. புறாவினுடையது பருந்தில் குடியேறாது, பருந்தினுடையது உங்கள் புறாவுக்கு வராது. ஈயை மட்டும் ஒழியுங்கள். குஞ்சு இருக்கும் கூட்டின் அடியில் உள்ள குப்பையை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அள்ளி எரித்தால் அதன் கூட்டுப்புழு போய்விடும்.

---

கால்நடை_மேலூர் (ஞாயிறு, மதியம் 3:15)

இதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ரத்த ஒட்டுண்ணி போகாது, ஆனால் புறாவின் தொண்டையில் இருக்கும் டிரைக்கோமோனாஸ் போகும். புறாவைத் தின்கிற வேட்டைப்பறவைக்கு வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி படிந்து விழுங்க முடியாமல் போவது அதனால்தான். அடிபட்ட பருந்துக்குப் புறாக்கறி போடாதீர்கள்.

---

குயில்குடி_பறவை (ஞாயிறு, இரவு 9:50)

அண்ணே, நான் கீழக்குயில்குடி பக்கம், காயம்பட்ட பறவைகளை வனத்துறையிடமும் டாக்டரிடமும் சேர்க்கிற வேலையை ஏழு வருஷமாகச் செய்கிறேன். ஸ்லைடு பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஸ்லைடில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு வல்லூறு, சின்னது, புள்ளி ஆந்தையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒரு இடத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். ரத்தம் பார்த்தார்கள், மலேரியா மாதிரி இருக்கிறது என்றார்கள், மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வாயில் விட்டார்கள். நாலு நாள். எல்லோரும் மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருந்தோம். ஐந்தாம் நாள் இன்னொரு டாக்டர் இறக்கையை விரித்துத் தடவிப் பார்த்தபோது தோளுக்குள் ஒரு எலும்பு உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது, அதற்குள் அது சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. ஏழாம் நாள் பெட்டியைத் திறந்தபோது உயிர் இல்லை. அந்த ஒட்டுண்ணி அதோடு எத்தனை மாதமாக இருந்ததோ, அது பறந்துகொண்டுதான் இருந்தது, வேட்டையாடிக்கொண்டுதான் இருந்தது. கீழே தள்ளியது சுவரோ கம்பியோ. முதல் நாளே இறக்கையைத் தொட்டுப் பார்க்காததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால் தயவுசெய்து, நாளைக்கு வெளிச்சத்தில் இதை எல்லாம் பாருங்கள். நெஞ்சின் நடு எலும்பைத் தடவுங்கள், கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிந்தால் பல நாளாகச் சாப்பிடவில்லை, இரண்டு பக்கமும் சதை நிறைந்திருந்தால் நேற்று வரை நன்றாக இருந்த பறவை. கால்விரல், இறக்கையின் மணிக்கட்டு, இரண்டையும் இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஷாக் என்றால் பொசுங்கிய முடி நாற்றம் வரும், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளிதான் இருக்கும், பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். உள்ளே சதை சாவது நாலைந்து நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

இருட்டான அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, காற்றோட்டத்துக்கு ஓட்டை. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால், தயிர்சாதம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். மனுஷருக்கான வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள், டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம்கூட்டமாகக் கொன்றது எல்லோருக்கும் தெரியும், 2006இல் கால்நடைகளுக்குத் தடை செய்ததே அதனால்தான். வலிக்கு என்ன கொடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். 1972 வனவிலங்குச் சட்டம் இருப்பதால் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது, வனத்துறைக்குச் சொன்னது ரொம்ப நல்லது.

அரிட்டாபட்டிக்கு 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று பெயர் வந்ததிலிருந்து லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றையும் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள், வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் மீன் மார்க்கெட் பிராந்து விழுந்து கிடந்தால் கடந்துபோய்விடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பையன் குனிந்து எடுத்திருக்கிறான். அவனிடம் சொல்லுங்கள்.

---

கால்நடை_மேலூர் (திங்கள், காலை 6:55)

அக்கா சொன்னதுதான் நான் சொல்ல நினைத்ததும். ஹீமோபுரோட்டியஸ் ஆரோக்கியமாகப் பறக்கிற பருந்திலும் ஆந்தையிலும் சாதாரணமாகக் காணப்படுவது. பறவை வேறு காரணத்தால் நொடித்துப்போகும்போது எதிர்ப்புச் சக்தி குறைந்து ரத்தத்தில் எண்ணிக்கை ஏறும், நாம் அப்போதுதான் ஸ்லைடு போடுகிறோம், அப்போதுதான் கண்ணில் படுகிறது. பிசிவி நன்றாக இருக்கும்போது ஹீமோபுரோட்டியஸுக்கு மட்டும் என்று மருந்து கொடுக்க மாட்டேன். பிளாஸ்மோடியம் என்று உறுதியானால் கதை வேறு, குளிர்ப்பிரதேசத்திலிருந்து கொண்டுவந்து வளர்க்கும் கிர் ஃபால்கன் வல்லூறுகளை அது கொன்றிருக்கிறது, அங்கே குளோரோகுயினும் பிரைமாகுயினும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த அளவை இங்கே எழுதப் போவதில்லை, எடை பார்க்காமல் யாராவது கொடுத்துவிடுவார்கள்.

அண்ணே, உங்களிடம் வேண்டியது ஒரு எண். 10,000 சிவப்பணு பார்த்து அதில் எத்தனைக்குள் ஒட்டுண்ணி என்று எழுதுங்கள். 100 லென்ஸில் ஒரு இடத்தில் எத்தனை செல் என்று ஒருமுறை எண்ணிவிட்டு இடங்களைக் கணக்கு வைத்தால் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே மாதிரி எடுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். பிசிவி குழாயைச் சுற்றிய பிறகு வெள்ளைப் படலமும் மேலே தெளிந்த நீரும் சேரும் இடத்தை அப்படியே 10 லென்ஸில் வைத்துப் பாருங்கள், நெளிகிற ஏதாவது இருந்தால் மைக்ரோஃபைலேரியாவோ டிரிபனோசோமோ மாதிரி வேறு ரத்த ஒட்டுண்ணி இருக்கலாம். ஸ்லைடில் தப்பிப்போவது அங்கே சிக்கும்.

---

திருநகர்_லேப் (வெள்ளி, இரவு 10:30)

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், டெங்கு சீசன், பகலில் தலைநிமிர முடியவில்லை, பருந்து ஸ்லைடை ராத்திரி கடை சாத்தியபிறகுதான் எடுத்தேன்.

அக்கா, திங்கள் காலை வனத்துறை ஆளும் டாக்டரும் இருக்கும்போதே பார்த்தோம். எடை 540 கிராம், நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை இருந்தது. இடது காலின் நடுவிரலில் நீங்கள் சொன்ன அதே மிளகுப் புள்ளி. வலது மணிக்கட்டில் இறகை ஊதியபோது நாற்றம் வந்தது, தீபாவளிக்கு முடி பொசுங்கினால் வருமே, அது. உள்ளே தோல் ஒரு நாணய அளவுக்கு வெளுத்துக் கெட்டியாக இருந்தது. மூன்று பேரும் சனிக்கிழமை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

மேலூர் டாக்டர், முதல் நாள் ரத்தத்தில் பிசிவி 46. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், ஆனால் தோலுக்கடியில் திரவம் ஏற்றிய பிறகு செவ்வாய் எடுத்ததில் 37. அப்போது 46 என்பது தண்ணீர் வற்றிப்போனதால் வந்த பொய்க் கணக்கு என்று இங்கே பார்க்கிற டாக்டர் சொன்னார். மனுஷரிலும் அப்படித்தான், டெங்குவில் தினமும் பார்க்கிறேன், ஆனாலும் பறவையில் யோசிக்கத் தோன்றவில்லை. வெள்ளையணு 10 இடத்துச் சராசரி 14, அதாவது சுமார் 22,000. ஹெட்டிரோஃபில் 74 சதவீதம், நிஜ ஈசினோஃபில் 9. ஹெட்டிரோஃபில் சிலவற்றில் பின்புலம் நீலமாக மாறி, நெல்மணிகள் குறைந்து, அங்கங்கே குழி விழுந்திருக்கிறது.

ஒட்டுண்ணி 10,000இல் செவ்வாய் 22, இன்று 41. பூ வடிவம் தேடி மூன்று ஸ்லைடு முழுக்கப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. வால் இழுபட்ட செல்லும் இல்லை. வெள்ளைப் படலத்தில் நெளிவது எதுவும் இல்லை. முதல் நாள் டியூபில் மிச்சம் இருந்த ரத்தத்தில் போட்ட ஸ்லைடை ஐயா சொன்ன பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தேன். செல்லை விட்டு வெளியே வந்த உருண்டைகள் ஏழெட்டு இருந்தன, ஒன்றிலிருந்து மெல்லிய நூல் நாலு, ஊதா நிறத்தில், நுனி வரை தெளிவாக. சனிக்கிழமை அதைக் குப்பை என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். தங்கச்சி மகனைக் கூப்பிட்டு லென்ஸில் காட்டினேன், ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

இப்போது அது வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. கோழிக்கறித் துண்டைத் தானே கவ்விச் சாப்பிடுகிறது. வலது இறக்கையின் நுனி நேற்றிலிருந்து சில்லென்று இருக்கிறது, நிறம் கறுக்கிறது. டாக்டர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார்.

---

கால்நடை_மேலூர் (வெள்ளி, இரவு 11:15)

22இலிருந்து 41 ஏறியது எதிர்பார்த்ததுதான் அண்ணே, உடம்பு வேறு இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. பிசிவி 30க்குக் கீழே போனால் மட்டும் ஒட்டுண்ணிக்கு மருந்து பற்றி யோசிப்போம். நீங்கள் பார்த்த ஹெட்டிரோஃபில் மாற்றம்தான் இப்போது எனக்குக் கவலை, அது சதை அழுகுவதையும் கிருமி ஏறுவதையும் காட்டுகிறது, அந்த டாக்டரிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள், ஆன்டிபயாடிக்கை மாற்ற வேண்டி வரலாம். இறக்கையின் நுனி மட்டும் போனால் உயிர் தப்பும், மணிக்கட்டு போனால் திரும்பப் பறக்காது. திங்கள்கிழமை அடுத்த ஸ்லைடு போடுங்கள், இரண்டு போடுங்கள், ஒன்று சாயமில்லாமல் மெத்தனாலில் மட்டும் நனைத்துக் காயவைத்து எடுத்து வையுங்கள், ஐயா ஜீம்சா சாயத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

---

அழகர்மலை_வாத்தியார் (சனி, காலை 5:50)

அந்த நூல் தெரிகிற ஸ்லைடையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் தம்பி. ஆயில் லென்ஸ் எண்ணெயை அழுத்தித் துடைக்காமல், மெல்லிய காகிதத்தை மேலே வைத்து எடுத்துவிட்டு, வெளிச்சம் படாத பெட்டியில். தங்கச்சி மகனையும் கூட்டி வாருங்கள்.